உவர் தாங்கும் தீவனப்பயிர்: ‘மரபணுக் கட்டுப்பாடு’ சரியான சொல்லா?

> ஜீன் ரெகுலேஷனுக்கு (எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்வது என்பதற்கு) ‘மரபணுக் கட்டுப்பாடு’ என்றே வைத்துக்கொள்ளலாம். பாடநூலில் பழகிய சொல்தானே. சால்ட் டாலரன்ஸ்: ‘உப்பு எதிர்ப்பு’. (புதுச்சேரி நண்பர்)

வணக்கம்.

பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் தீவனப்பயிர்க் கையேடு கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கும் போகிறது. குடும்பக் கட்டுப்பாடு, விலைக் கட்டுப்பாடு என்று கேட்டுப் பழகிய காதுக்கு, மரபணுவை அடக்கி வைப்பதாகத்தான் இது படும். உவர் மண்ணில் சில மரபணுக்கள் அடங்குகின்றன, உண்மை. ஆனால் பயிரைக் காப்பாற்றுபவற்றில் பல கூடுதலாக வேலை செய்யத் தொடங்குகின்றன. அதனால் பொதுச்சொல்லாக ‘மரபணு நெறிப்பாடு’. அதன் கீழே, மரபணு கூடுதலாக வேலை செய்தால் ‘வெளிப்பாட்டு ஏற்றம்’, அடங்கினால் ‘வெளிப்பாட்டு இறக்கம்’. இது என் முன்மொழிவு.

‘எதிர்ப்பு’ நோய்க்கும் பூச்சிக்கும் பொருந்தும். உப்பைப் பயிர் எதிர்ப்பதில்லை, சமாளிக்கிறது. சோடியத்தை வேர் வழியே வெளியே தள்ளும். உள்ளே வந்ததைச் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில் பூட்டி வைக்கும். தண்டு வழியே இலைக்கு ஏறாமல், நீர் ஏறும் குழாயான சைலத்திலேயே மறித்து இழுத்துக்கொள்ளும். சிலவற்றுக்கு இலையில் உப்புச் சுரப்பியே உண்டு. பிச்சாவரத்தில் வெண்கண்டல் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். நம் அறுகம்புல்லுக்கும் அப்படிச் சுரப்பிகள் இருக்கின்றன. மண்ணின் உப்பு, மின்கடத்துதிறனாக அளந்தால், மீட்டருக்கு 6.9 டெசிசீமன்ஸ் வரை போனாலும் அறுகின் விளைச்சல் குறைவதில்லை. குதிரைமசாலுக்கு 2 தாண்டினாலே இறங்கத் தொடங்கும். ஆகவே ‘உவர் தாங்குதிறன்’ என்றே எழுதுவோம்.

‘உவர்’ என்ற இடத்தில் ‘களர்’ வந்துவிடக் கூடாது. களர் என்றால் சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு, கார அமிலநிலை (பி.எச்.) 8.5-க்கு மேல் போன நிலம். அதற்கு ஜிப்சம் போடுவார்கள். கடல்நீர் ஏறிய நம் கரையோர வயலில் வரப்பில் வெள்ளையாகப் பூப்பது பெரும்பாலும் உவர், அதாவது நீரில் கரையும் உப்பு.

அன்புடன்,
கடலூரிலிருந்து

——

> பொதுச்சொல்லாக ‘மரபணு நெறிப்பாடு’

ஏற்கிறேன் அண்ணா. ஆனால் மூன்றாம் பக்கத்தில் எஸ்.ஓ.எஸ். வழித்தடத்தை (சோடியத்தை வெளியேற்றும் புரதங்களின் தொடரை) விளக்கும் இடத்தில் இடிக்கிறது. உப்பு பட்டதும் செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது. எஸ்.ஓ.எஸ்.3 அதை உணர்ந்து எஸ்.ஓ.எஸ்.2-ஐ எழுப்ப, அது எஸ்.ஓ.எஸ்.1 என்ற பம்ப்பில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பம்ப் சோடியத்தை வெளியேற்றுகிறது. இதில் மரபணு எங்கே வந்தது? ஏற்கெனவே இருக்கிற புரதம்தான் வேலைக்கு இறங்குகிறது. வரைவில் இதற்கும் ‘முடுக்கம்’, மரபணு கூடுதலாகப் படியெடுக்கப்படுவதற்கும் ‘முடுக்கம்’. படிப்பவர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவார். அதோடு முடுக்கம் இயற்பியலில் வேறு.

——

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி, இது விடக்கூடாத இடம். ‘ஏற்றம்’ மரபணுவுக்கு மட்டும் இருக்கட்டும். புரதத்துக்குச் ‘செயலூட்டம்’ என்று வைப்போம். அப்போது, “உப்பு பட்டதும் பம்ப்புக்குச் செயலூட்டம், அப்புறம் அதே பம்ப்பின் மரபணுவில் வெளிப்பாட்டு ஏற்றம்” என்று ஒரே வரியில் எழுதலாம். இரண்டும் நடப்பதால் அந்த வரி பொய்யாகாது. நாக், மைப் போன்ற புரதங்கள் டி.என்.ஏ.யில் உட்கார்ந்து மரபணுவை இயக்குவதைச் சொல்லும் இடத்தில், வழக்கிலிருக்கிற ‘படியெடுப்புக் காரணி’யே போதும். புதிதாக எதுவும் செய்ய வேண்டாம்.

கம்பு நேப்பியர் தீவனப்புல் படத்தில் அடி இலை நுனி கருகியிருப்பதற்குக் கீழே ‘உப்பு நோய்’ என்று போட்டிருக்கிறது. ‘உப்புக் கருகல்’ என்று மாற்றிவிடுங்கள். யாராவது அதைப் பார்த்துவிட்டு மருந்து அடிக்கப் போய்விடுவார்கள்.