ஸ்பைனா பிஃபிடா பிள்ளைகளுக்குக் கதீட்டர்: டெல்லித் தமிழ் வீடுகளில் பார்ப்பது

மயூர் விஹார், யூராலஜி நர்ஸ்:
ஸ்பைனா பிஃபிடா என்பது முதுகெலும்பு சரியாக மூடாமல் பிறப்பது; நரம்பு பழுதானதால் இந்தப் பிள்ளைகள் பலருக்குச் சிறுநீர்ப்பை தானாக முழுதும் காலியாகாது, கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டுத்தான் யூரினை வடிக்க வேண்டும். ஆனால் ஊரிலிருந்து வரும் பாட்டிமார் இன்னும் அடிவயிற்றை அமுக்கித்தான் யூரின் எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, முன்பு ஆஸ்பத்திரியிலேயே சொல்லிக்கொடுத்த முறை அது. ஆனால் சிறுநீர்ப்பையின் வாசல் தசை இறுகியிருக்கும்போது அமுக்கினால் யூரின் கிட்னிக்கு ஏறும். கதீட்டர் போட ஸ்டெரைல் (கிருமியே இல்லாத) முறை அவசியமில்லை, கை சுத்தமாக இருந்து சிறுநீர்ப்பையை அடிக்கடி காலி செய்தால் போதும் என்று அமெரிக்க யூராலஜி டாக்டர் லாப்பிடெஸ் 1972-ல் எழுதிய பிறகுதான் போக்கு மாறியது. கிட்னி வீங்கட்டும் என்று காத்திருந்த காலம் போய், இப்போது பல இடங்களில் முதுகு ஆபரேஷன் ஆனதுமே கதீட்டர் பழக்குகிறார்கள். "ஒழுகிக்கிட்டேதானே இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். நிரம்பி வழிந்தாலும் ஒழுகும். பைக்குள் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் டெஸ்ட்டில் 40 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு மேல் போய்த்தான் கசிகிறது என்றால் கிட்னிக்கு ஆபத்து.

ஆர்.கே. புரம், பயிற்சி கொடுப்பவர்:
அக்கா சொன்னதோடு செய்முறையும். கைக்குழந்தைக்கு 6 பிரெஞ்ச் சைஸ் (கதீட்டர் தடிமனின் அளவு), பள்ளி வயதில் 8 அல்லது 10. சோப்புப் போட்டுக் கை கழுவி, நுனியில் ஜெல்லி தடவுங்கள். பையனென்றால் குறியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தடுத்தால் தள்ளாதீர்கள், பிள்ளை மூச்சு இழுத்துவிடும்வரை நில்லுங்கள், தசை தானே தளரும். யூரின் வந்ததும் இன்னும் 2 செ.மீ. உள்ளே. நின்றதும் சட்டென்று உருவுவதுதான் எல்லோரும் செய்வது. மெல்ல இழுத்தால் பாதி வழியில் மறுபடி வரும்; அங்கே நிறுத்தி அதையும் வடியவிடுங்கள். அடியில் தங்கும் அந்த மிச்சத்தில்தான் கிருமி வளரும். பகலில் 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. 5 வயதில் பை சுமார் 180 மி.லி. பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள்.

கரோல் பாக், பார்மசிஸ்ட்:
சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு வியர்வை குறையும். டெல்லி மே மாதத்தில் முகம் சிவந்து உடம்பு கொதித்தால் இன்ஃபெக்‌ஷன் என்று முடிவுகட்டுவதற்கு முன் நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள், குறையாவிட்டால் உடனே டாக்டர். மலச்சிக்கலையும் கூட்டும் மருந்து இது. குடல் அடைத்தால் பை நெருக்குண்டு கசிவு திரும்பும்.

மயூர் விஹார்:
சரிதான் தம்பி. இன்னொன்று, யூரின் கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில் கிருமி தெரிந்ததுமே ஆன்டிபயாடிக் வேண்டாம். கதீட்டர் போடும் பிள்ளைகளில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சல், வயிற்றுவலி, புதிதாகக் கசிவு, இவை இருந்தால்தான் மருந்து. கடையில் சிவப்பு ரப்பர் கதீட்டரை நீட்டினால் வாங்காதீர்கள், அது லேடக்ஸ், அதாவது இயற்கை ரப்பர். இந்தப் பிள்ளைகளுக்கு அதில் அலர்ஜி அதிகம், பிறந்தநாள் பலூன்கூட ஆகாது.