புதுப்பிப்பு: எக்ஸிட் இன்டர்வியூ முடிஞ்சது

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு வேலையை விடுறேன், எச்.ஆர். கூப்பிட்டா உள்ளதைச் சொல்லலாமான்னு போன வாரம் கேட்டிருந்தேன். நேத்து பேசியாச்சு.

"மனசுல இருக்கறதைச் சொல்லுங்க தம்பி"ன்னு மேடம் ஆரம்பிச்சாங்க. சூப்பர்வைசர் பேரையே எடுக்கலை. எண்ணூர் ஹைரோடுல லாரி வரிசையில மாட்டி லேட்டானா அரை நாள் சம்பளம் போகும்; அதை மட்டும் தேதி தேதியா சொன்னேன். நிமிராம எழுதிக்கிட்டாங்க.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி தாளைப் படின்னு ஒரு அண்ணன் இங்க சொன்னாரே, அவருக்குக் கோடி நன்றி. அதுல கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது சர்வீஸ் வருஷத்துக்காகத் தர்ற பணம், 5 வருஷத்துக்கு 52,500ன்னு போட்டிருந்தாங்க. என் சர்வீஸ் 5 வருஷம் 8 மாசம். 6 மாசத்துக்கு மேல போனா முழு வருஷக் கணக்கு. மாசம் பேசிக்கும் டி.ஏ.வும் (பஞ்சப்படி) சேர்த்து 18,200. அதை 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, 6 வருஷத்துக்குப் போட்டா 63,000. அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். மேடம் முகம் சுளிக்காம திருத்தினாங்க. சட்டப்படி 30 நாளுக்குள்ள தரணும்.

"பாக்கி எதுவும் இல்லை"ங்கற வரிக்கு மட்டும், பணம் ஏறினப்புறம் கையெழுத்துப் போடறேன்னுட்டேன். ரிலீவிங் லெட்டர் வெள்ளிக்கிழமை தர்றாங்களாம்.