ஒன்றாம் வகுப்பில் முதல் எழுத்து எது: ‘அ’வா, ‘ட’வா? (புனைபெயரில் நால்வரின் விவாதம்)

கரும்பலகை

ஒன்றாம் வகுப்பில் அ, ஆ, இ, ஈ என்று தொடங்குவதை விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள், பேசுவோம்.

‘அ’ எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, கிடைக்கோடு, கடைசியில் நெட்டுக்கோடு. ‘இ’ இன்னும் மோசம். பென்சிலை இப்போதுதான் பிடிக்கும் 5 வயதுக் கைக்கு இதுவா முதல் வேலை? ‘ட’ என்றால் மேலிருந்து ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. கை எடுக்க வேண்டாம். அதே கோட்டை மேலே ஏற்றினால் ‘ப’. ஏறிய கோட்டை உள்பக்கம் வளைத்து இறக்கினால் ‘ம’.

கைக்கு எளிது என்பது சின்னக் காரணம்தான். பெரிய காரணம் வாசிப்பு. உயிரெழுத்து எழுத்தாகவே வருவது சொல்லின் முதலில் மட்டும். நடுவிலும் கடைசியிலும் அது குறியாக மாறி மெய்யோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் 12 உயிரும் தெரிந்த பிள்ளையால் ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர எதையும் வாசிக்க முடியாது. வாரம் 2 எழுத்து என்று போனால் 6 வாரம் இப்படியே கழியும். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் போதும்: படம், மடம், பட்டம், மட்டம். இரண்டாம் வாரக் கடைசியில் பிள்ளை உண்மையாகவே ஒரு சொல்லை வாசித்துவிடும்.

நெடுங்கணக்கு

கணக்கை உங்களுக்கு வசதியாகப் போட்டிருக்கிறீர்கள். 12 உயிரும் முடியும்வரை மெய்யைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரை வைத்துத்தான் அந்த 6 வாரம் வருகிறது. அப்படி நடத்தினால் தப்பு வரிசையிலா, நடத்துபவரிடமா?

‘ட’வில் சிக்கல் இல்லாததுபோல் எழுதுகிறீர்கள். மூன்று சொல்கிறேன்.

தமிழ்ச் சொல் எதுவும் ‘ட’வில் தொடங்காது. ‘அ’வுக்கு அம்மா, ‘ஆ’வுக்கு ஆடு என்று முதல் ஒலியைப் பிடித்துக் காட்டலாம். ‘ட’வுக்கு எதைக் காட்டுவீர்கள்? டப்பாவும் டமாரமுமா?

அடுத்தது ஒலி. ‘படம்’ என்பதில் வரும் ட வேறு, ‘பட்டம்’ என்பதில் வரும் ட்ட வேறு. ‘பம்பரம்’ என்ற ஒரே சொல்லுக்குள் ப இரண்டு விதமாக ஒலிக்கிறது. உயிரெழுத்தில் இந்தத் தொல்லை இல்லை; எங்கே வந்தாலும் ‘ஆ’ ஆதான். முதன்முதலாக எழுத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு ‘ஒரு வடிவம், ஒரு ஒலி’ என்ற நம்பிக்கை வேண்டாமா? வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை வகுப்பில் இருந்தால் ‘பம்பரம்’ அதற்குப் பொறிதான்.

மூன்றாவது, ‘ட’வை இடவலம் மாற்றி எழுதும் பிள்ளைகள் நிறைய. இருபுறமும் ஒரேபோல இருக்கும் ‘ப’வில் அந்தத் தவறுக்கே இடமில்லை. எளிமைதான் அளவுகோல் என்றால் நீங்கள் ‘ப’விலல்லவா தொடங்க வேண்டும்?

பல்பம்

இரண்டு பேரும் எழுதுவதையும் வாசிப்பதையும் ஒரே முடிச்சாகப் போட்டுப் பேசுகிறீர்கள். இன்று வாசித்த எழுத்தை இன்றே எழுதியாக வேண்டும் என்று யார் சொன்னது? கண்ணும் காதும் கையை முந்தித்தான் ஓடும். ‘அ’ அட்டையை முதல் நாளே பார்க்கட்டும். எழுதுவது ஒரு மாதம் கழித்து வரட்டும். கைக்கு அதுவரை நெட்டுக்கோடு, படுக்கைக்கோடு, அரைவட்டம், சுழி போதும். முதலில் காற்றில் முழங்கையை அசைத்து, பிறகு மணலில் விரலால், பிறகு சிலேட்டில் உள்ளங்கை அகலத்துக்கு. இரட்டைக்கோட்டு நோட்டு கடைசியில்தான். முதல் வாரமே நோட்டைக் கொடுத்தால் பிள்ளையின் கவனமெல்லாம் கோட்டுக்குள் அடைப்பதில் போகும், கை எந்தத் திசையில் தொடங்குகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. கீழிருந்து மேலாக ‘ட’ போடும் பழக்கம் அப்படித்தான் ஒட்டுகிறது. மூன்றாம் வகுப்பில் அதை மாற்றுவது பெரும்பாடு.

வரிசையைவிட வாசிப்பைக் கெடுப்பது இன்னொன்று: புள்ளி எழுத்தை இக், இங், இச், இம் என்று சொல்லிக்கொடுப்பது. பிள்ளை ‘படம்’ என்ற சொல்லை ‘ப… ட… இம்’ என்று வாசித்துவிட்டு முழிக்கும். எழுத்து மூன்றும் தெரியும், சொல் மட்டும் வராது. அந்த ‘இ’ எங்கிருந்து வந்தது? நாம் சேர்த்தது.

கரும்பலகை

‘இம்’ விஷயத்தில் பல்பத்துக்கு என் ஓட்டு. புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக நிறுத்திச் சொல்லவே கூடாது, முன்னால் நிற்கும் எழுத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும்: அம், டம், பட், மட். ‘டம்’ ஒரு அட்டை, ‘பட்’ ஒரு அட்டை. ‘ப’வும் ‘டம்’மும் படம், ‘பட்’டும் ‘டம்’மும் பட்டம். ‘ட’ அட்டை மேல் ஒரு பொத்தானை வைத்தும் எடுத்தும் காட்டினால் புள்ளி செய்யும் வேலை கண்ணுக்கே தெரியும்.

நெடுங்கணக்குக்கு. ‘ட’வை முதலெழுத்துப் படத்தால் அறிமுகப்படுத்த வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? சொல்தான் முதலில். ஒரு படத்தைத் தூக்கிக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால் ‘படம்’ என்று பதில் வரும். அதைக் கைதட்டி ப–டம் என்று பிரித்து, இரண்டாம் தட்டில் தொடங்குகிற ஒலிக்கு அட்டை காட்டுங்கள். முதலெழுத்துப் படத்தில் இருக்கும் கோளாறைச் சொல்லவா? ‘அம்மா’ படத்துக்குக் கீழே ‘அம்மா’ என்று அச்சடித்திருக்கும். அதில் பிள்ளைக்குத் தெரிந்தது ஓர் எழுத்து. மற்றதை அது படத்தைப் பார்த்துச் சொல்கிறது. படத்தை மறைத்தால் வாசிப்பும் மறையும்.

வல்லினம் இரண்டு விதமாக ஒலிப்பது உண்மை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குச் சொல் ஏற்கெனவே காதில் இருப்பதால் ‘பம்பரம்’ தானாகச் சரியாகிவிடும். வேறு மொழிப் பிள்ளைக்கு முதல் வாரங்களில் சொல்லை வாயால் பழக்கிவிட்டுத்தான் அட்டைக்கு வர வேண்டும். அது கூடுதல் வேலைதான். மறுக்கவில்லை.

‘ப’விலேயே தொடங்கலாம், எனக்கு ஆட்சேபமில்லை.

நெடுங்கணக்கு

சரி, துணைக்காலுக்கு வருவோம். ‘ஆ’ என்ற ஒலி தெரியாமல் ‘பா’வை எப்படி விளக்குவீர்கள்? ப் + ஆ = பா என்பதுதான் இந்த எழுத்து முறையின் முதுகெலும்பு. 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 உயிர்மெய். தலைப்பு வரிசை தெரியாதவனுக்கு அது 216 தனித்தனிப் படம். தெரிந்தவனுக்குப் பெருக்கல் வாய்பாடு மாதிரி.

இன்னொன்று, உயிர்க்குறி தெரியாமல் மெய்யெழுத்துச் சொற்களிலேயே ஓட்டினால் படம், மடம், மரம் என்று அகரச் சொற்களோடு வண்டி நின்றுவிடும். ‘நான் வீட்டுக்குப் போனேன்’ என்ற சின்ன வாக்கியத்துக்குள் எத்தனை குறி பாருங்கள்.

பல்பம்

முதுகெலும்பு சரி, ஆனால் பிள்ளை வளர்ந்த பிறகுதான் முதுகெலும்பு படம் வரைந்து பார்க்கிறது. அ, ஆ, ப, ம, ட, புள்ளி, துணைக்கால். இந்த ஏழையும் ஒரே மூட்டையாக எடுத்துக்கொண்டால் உங்கள் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். அம்மா, அப்பா, மாமா, பாப்பா, பாடம், மாடம், ஆட்டம், ஆமாம், அடடா. சிரித்துக்கொண்டே வாசிப்பார்கள். ப–பா, ம–மா, ட–டா என்று மூன்று ஜோடி பார்த்ததுமே ‘கால் போட்டால் நீளும்’ என்று பிள்ளையே சொல்லும். விதி தனியாக வேண்டாம்.

குறிகளில் தடுக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்:

துணைக்காலும் ‘ர’வும். ‘ர’வுக்கு அடியில் ஒரு சாய்கோடு, கால் நேராக நிற்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் அறிமுகம் செய்தால் குழப்பம் நிச்சயம். கால் படிந்து குறைந்தது மூன்று வாரம் கழித்து ‘ர’ வரட்டும்.

கொம்பு. வாயில் பின்னால் வருவது தாளில் முன்னால் நிற்கிறது. ‘மேடை’ என்று எழுதிக் காட்டுங்கள்: கொம்பு, ம, கொம்பு, ட. இரண்டாவது கொம்பை முன்னால் போன ‘ம’வோடு ஒட்டி வாசித்துத் தடுமாறும் பிள்ளைகள் எத்தனை என்று பாருங்கள். ஓர் ஒலிக்கு ஒரு கட்டம் என்று பெட்டி போட்டு, கொம்பும் எழுத்தும் அதே பெட்டிக்குள் இருக்கும்படி எழுதினால் இது அடங்கும். ‘மேடை’க்கு இரண்டு பெட்டி, ‘பட்டம்’ என்றால் புள்ளி எழுத்தையும் முன்னதோடு சேர்த்து இரண்டே பெட்டி. கொ, கோ இரண்டையும் கடைசியில் வையுங்கள், அங்கே கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நிற்கும்.

உகரம்தான் பெரிய மலை. இதற்கு ஒரே குறி கிடையாது. நெடுங்கணக்கு ஐயா சொல்லும் வாய்பாடு இங்கே உடையும். கு, சு, டு, து என்று மெய் வரிசையில் போனால் ஒவ்வொரு எழுத்திலும் கை வேறு பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. வடிவம் பார்த்துக் கூட்டுங்கள்: கீழே கோடு இறங்கும் சு, பு, யு, வு ஒரு கூட்டம். சுற்றி வளைக்கும் கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொன்று. கால் சுழன்று மேலேறும் து, நு, னு, று, லு, ணு, ஞு மூன்றாவது. ஊகாரத்தில் கூ, சூ இரண்டும் தன் கூட்டத்தோடு சேராது, அவற்றைத் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கடைசிபெஞ்ச்

உகரத்தை வடிவத்தால் பிரிக்கலாம் என்றால், உயிரையும் மெய்யையும் மட்டும் வரிசையில்தான் என்று பிடிவாதம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் எனக்கு வேறு கேள்வி. 30 பிள்ளைகள் சேர்ந்து கத்தும்போது யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று எப்படித் தெரியும்?

அப்புறம், 247 எழுத்தையும் எழுதச் சொல்லும் வீட்டுப்பாடத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ‘ங’ வரிசையில் ‘ங்’ தவிர மற்றவை அன்றாட வாசிப்பில் எங்கே வருகின்றன? ‘ஙௌ’ எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம்.

கரும்பலகை

சோதனை எளிது. எழுத்து அட்டைகளைக் கலைத்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். வரிசையை மனப்பாடம் செய்த பிள்ளை ‘உ’வைப் பார்த்ததும் உதட்டுக்குள் அ, ஆ, இ, ஈ என்று எண்ணிக்கொண்டு போய் ‘உ’வில் நிற்கும். உதடு அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம், நாளுக்கு 5 பேர், 30 பேருக்கு 6 நாள். மற்றவர்கள் அப்போது அட்டையில் சொல் கோக்கட்டும். காட்டிய 10 அட்டையில் 8 தயங்காமல் வந்தால் அடுத்த மூட்டை. இல்லையென்றால் தடுக்கிய எழுத்து மட்டும் மறுபடி. முழுப் பாடத்தையும் திரும்ப நடத்த வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பிள்ளை இதுவரை எங்கும் வாசித்திராத ஒரு சொல்லைக் கொடுங்கள். ‘பாட்டம்’ போல அர்த்தம் எடுபடாததாக இருந்தாலும் பரவாயில்லை. வாசித்தால் எழுத்துக்கூட்டத் தெரிகிறது. ‘பாடம்’ என்று சொன்னால் ஊகிக்கிறது.

நெடுங்கணக்கு

சோதனையை ஏற்கிறேன். உதட்டுக்குள் எண்ணும் பிள்ளைகளை உருவாக்கியது கோரஸ், வரிசை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அட்டையைக் கலைத்துப் பழக்கினால் வரிசையில் படித்த பிள்ளையும் எண்ணாது.

பல்பம் சொன்ன ஏழு எழுத்து மூட்டைக்கு நான் ஒரு நிபந்தனையோடு சம்மதம். சுவரில் 18 வரி, 12 பத்தி வைத்துக் காலிக் கட்டம் ஒன்று தொங்க வேண்டும். படித்த எழுத்தைப் பிள்ளையே அதன் கட்டத்தில் ஒட்டட்டும். ‘பா’ எந்த வரி, எந்தப் பத்தி என்று தேடும்போது ப்–ஆ உறவு புரியும். அகராதி பார்க்கும் வயதில் வரிசை புதிதாகவும் இருக்காது. வரிசைப் பாட்டைக் காலையில் பாடுங்கள், அது வாசிப்புப் பாடம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் வீட்டில் அ, ஆ பழகி வரும் பிள்ளையிடம் ‘அதெல்லாம் அப்புறம்’ என்று சொல்லி ‘ட’வை நீட்டுவது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. தெரிந்ததிலிருந்துதானே தொடங்க வேண்டும்?

கரும்பலகை

தெரிந்தது பாட்டு. எழுத்து இல்லை. ‘எ’வையும் ‘ஏ’வையும் கலைத்துக் காட்டிக் கேளுங்கள், அடியில் இருக்கும் அந்தச் சாய்கோட்டைப் பார்த்துச் சொல்கிறதா என்று. கட்டத் தாளுக்கு ஒப்புக்கொள்கிறேன். ‘ங’ வரியைக் காலியாகவே விடுங்கள், ‘ங்’ ஒட்ட ஓரத்தில் மட்டும் ஓர் இடம் போதும்.

கடைசிபெஞ்ச்

‘ஔ’ எழுத்தை என்ன செய்வது? ‘ஒ’வும் ‘ள’வும் பக்கத்தில் நின்றால் அதுவும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கிறதே.

பல்பம்

‘ஔ’வில் ஒட்டியிருக்கும் ‘ள’ சிறியது, அவ்வளவுதான் வேறுபாடு. ‘வௌவால்’ என்ற சொல்லில் நிற்பது கொம்புக்கும் சிறிய ‘ள’ வடிவக் குறிக்கும் நடுவே ‘வ’. ‘வெள்ளம்’ என்று வாசிக்க வந்த பிள்ளை அங்கே திகைக்கும். அதை ஒன்றாம் வகுப்பின் கடைசி மாதத்துக்குத் தள்ளிவிடுங்கள். வௌவால் காத்திருக்கும்.