டெய்ட்டி லெவலில் கம்ப்யூட்டர் எங்கே பலம், எங்கே பலவீனம்?

பட்டர்வொர்த்_பாலா

எல்லாருக்கும் வணக்கம். எங்க கூட்டத்துல பாதிப் பேர் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகள்ல ஷிஃப்ட் வேலை. நாலு பேர் ஒரே நேரத்துல ஆன்லைன் வர்றது நடக்காது, அதனால கம்ப்யூட்டரோடதான் ஆட்டம். சிவிலைசேஷன் 6 (மாறி மாறி டர்ன் எடுத்து நாடு கட்டி ஆளுற ஆட்டம், சுருக்கமா சிவ்), எல்லா எக்ஸ்பான்ஷனும் இருக்கு, ஸ்டாண்டர்ட் ஸ்பீட்.

எம்பரர் லெவல்ல ஜெயிக்கிறது சுலபம். உச்சக் கடின லெவலான டெய்ட்டிக்குப் போனா 30ஆம் டர்னுக்குள்ள பக்கத்து நாட்டுக்காரன் படையோட வந்து இரண்டாவது நகரத்தைப் பிடிச்சிடுறான். அதே ஆள் 150ஆம் டர்ன்ல போர்னா என்னன்னே தெரியாத மாதிரி ஆடுறான். டெய்ட்டியில ஏஐ நிஜமாவே நல்லா யோசிக்குதா, இல்ல வெறும் எண்ணிக்கைதானா? ஆரம்பத்துல எப்படித் தாக்குப்பிடிக்கிறது? வெஸ்னாத் (இதுவும் டர்ன் வச்சு ஆடுற போர் ஆட்டம்) விளையாடும்போதும் இதே வழி எடுபடுமா?

செந்தூல்_மதி

எண்ணிக்கைதான் தம்பி. லெவல் ஏறும்போது ஏஐ-யின் யோசனை மாறுவதில்லை, கையிருப்புதான் ஏறுகிறது. டெய்ட்டியில் அது 3 செட்லர் (நகரம் நிறுவுபவர்), 5 வாரியர் (போர்வீரர்), 2 பில்டரோடு (நிலத்தை மேம்படுத்துபவர்) ஆட்டத்தைத் தொடங்குகிறது. உங்களுக்கு 1 செட்லர், 1 வாரியர். அதற்குமேல் உற்பத்தியிலும் தங்கத்திலும் 80 சதவீதம், அறிவியல், கலாசாரம், சமயம் மூன்றிலும் 32 சதவீதம் கூடுதல். ஒவ்வொரு யூனிட்டுக்கும் சண்டை பலம் +4. எம்பரரில் இது 40, 16, +2தான். நீங்கள் சொல்லும் இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

அந்த +4-ஐச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வாரியர் 20, அவனுடையது 24. சமபலம் என்றால் ஒரு அடிக்குச் சுமார் 30 எச்பி (உயிர்ப் புள்ளி, ஒரு யூனிட்டுக்கு மொத்தம் 100) போகும். 4 வித்தியாசம் வந்தால் அவன் அடி ஏறக்குறைய 35, உங்கள் அடி 26. அதாவது அவனுக்கு 3 அடி போதும், உங்களுக்கு 4 வேண்டும். சமவெளியில் வாரியருக்கு வாரியர் மோதினால் தோற்பது உறுதி. ஆனால் குன்றுக்கு +3, இரண்டு டர்ன் அசையாமல் அரண் பிடித்து நின்றால் +6. உங்கள் வாரியர் 29 ஆகிவிடும். கணக்கு அப்படியே திரும்பிவிடுகிறது. அதனால் இரண்டாவது நகரத்துக்கு இடம் பார்க்கும்போது, எதிரி வரும் பக்கம் ஒரு குன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நல்ல நிலம், நதியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொடக்கத்தில் ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி அதிசயங்களைத் தொடவே வேண்டாம், டெய்ட்டியில் அவை கைக்குக் கிடைப்பது அரிது. முதலில் ஸ்கவுட் (வேவு பார்ப்பவர்), அடுத்து 2 ஸ்லிங்கர் (கவண் வீரர், ஒவ்வொன்றும் 35 உற்பத்தி). ஏதாவது ஒரு காட்டுமிராண்டி யூனிட்டின் கடைசி அடியை ஸ்லிங்கரே அடிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்ச்சரி (வில்வித்தை) ஆய்வை வேகப்படுத்தும் யுரேகா ஊக்கம் கிடைத்துவிடும். பிறகு தங்கம் கொடுத்து அந்த ஸ்லிங்கர்களை ஆர்ச்சர் (வில்லாளி) ஆக்கலாம். ஸ்லிங்கர் ஒரு கட்டம்தான் எறியும், பக்கத்திலேயே நின்று சாகும். ஆர்ச்சர் இரண்டு கட்டம் எய்யும், 25 பலம், திருப்பி அடி வாங்காது. கிராஃப்ட்ஸ்மேன்ஷிப் என்ற கலாசார ஆய்வு முடிந்ததும் அகோகே என்ற கொள்கைக் கார்டைப் போட்டால் இந்தக் காலத்து யூனிட்டுகளுக்கு உற்பத்தி 50 சதவீதம் கூடும். குன்றில் ஒரு வாரியர், பின்னால் 3 ஆர்ச்சர் இருந்தால் முதல் அலையைத் தடுத்துவிடலாம்.

எல்லையோர நகரத்தில் மதில் கட்டுங்கள், 80 உற்பத்திதான். கைகலப்பு யூனிட்டுகள் மதிலில் தங்கள் அடியில் 15 சதவீதத்தைத்தான் இறக்க முடியும். மதில் இருந்தால் நகரமே டர்னுக்கு ஒருமுறை சுடவும் செய்யும். பேட்டரிங் ராம் (மதில் இடிக்கும் பொறி) வந்தால் மட்டும் ஆபத்து. அதன் துணையில் கைகலப்புக் காலாட்கள் முழு அடியும் அடிக்கும். எந்த யூனிட்டோடு ராம் வருகிறதோ, எல்லா ஆர்ச்சரும் அதையே குறிவைக்க வேண்டும்.

150ஆம் டர்னில் ஏஐ ஏன் சொதப்புகிறது என்றால், சிவ் 5 (2010) முதல் ஒரு கட்டத்தில் ஒரு சண்டை யூனிட்தான் நிற்க முடியும். சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காய். இங்கே 10 யூனிட், ஒவ்வொன்றுக்கும் 20 வழி என்று வைத்தால், ஒரே டர்னுக்கு 20-ஐ 10 முறை பெருக்கிய அளவு சேர்க்கைகள். கிட்டத்தட்ட 10 டிரில்லியன். 1997-இல் காஸ்பரோவை வென்ற டீப் புளூ வினாடிக்குச் சுமார் 200 மில்லியன் நிலைகளைப் பார்த்தது. அந்த வேகத்தில் எண்ணினாலும் 14 மணி நேரம் ஆகும், அதுவும் எதிராளியின் பதில் டர்னைப் பார்க்காமல். அதனால் ஏஐ ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனியாக முடிவெடுக்கிறது. வில்லாளி முன்னால் போய் வழியை மறிக்கிறான், வாள்வீரன் பின்னால் மாட்டிக்கொள்கிறான். மாலை 6 மணிக்குப் பினாங்குப் பாலத்தில் வண்டிகள் நிற்கிற மாதிரி ஒரு கணவாயில் முழுப்படையும் நிற்கும். உங்கள் வில்லாளிகளுக்கு அதுதான் நேரம்.

பிரிக்பீல்ட்ஸ்_அகிலா

மதி அண்ணன் சொன்ன எண்ணிக்கை சரி. ஆனால் "ஏஐ-க்கு யோசனை இல்லை" என்று எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டாம். விதி எப்படியோ அப்படித்தான் ஏஐ. சிவ் 4-இல் (2005) ஒரே கட்டத்தில் எத்தனை யூனிட் வேண்டுமானாலும் அடுக்கலாம். அங்கே அதிக உற்பத்தி நேராக அதிக பலமாக மாறியது, அதனால் அந்த ஏஐ பயமுறுத்தியது. சிவ் 5-க்கும் மூல நிரல் வெளியானதால் வோக்ஸ் போப்புலி என்ற மோடில் (ரசிகர்கள் மாற்றியமைத்த பதிப்பு) ஆர்வலர்கள் போர் யோசனையைப் பெருமளவு திருத்தியிருக்கிறார்கள். உண்மையான சண்டை வேண்டுமென்றால் டெய்ட்டியைவிட அந்த மோடில் இரண்டு மூன்று லெவல் கீழே ஆடுவதுதான் என் சிபாரிசு.

வெஸ்னாத் வேறு கதை. அங்கே ஏஐ ஒரு மோதலைக் கணக்கிடுவதில் திறமைசாலி. யார் எத்தனை அடி அடிப்பார், எந்த நிலத்தில் எத்தனை சதவீதம் தப்பும், பகலா இரவா, எல்லாம் பார்க்கும். நம்மில் பலர் கண்ணளவில் செய்வதை அது துல்லியமாகச் செய்கிறது. அடிபட்டுத் தனியாக நிற்கும் யூனிட்டை விடவே விடாது.

குறை, அடுத்த டர்னைப் பார்க்காது. அக்ரெஷன் (ஆவேசம்) என்ற அளவு வழக்கமாக 0.4. அப்படியென்றால் தன் சேதத்தை 60 சதவீத மதிப்பில்தான் எடைபோடும். 1 என்று வைத்தால் தன் சாவைக் கணக்கிலேயே எடுக்காது. அதனால் இரவில் +25 சதவீதம் கிடைக்கும் ஓர்க் (கற்பனை அரக்க இனம்) படை, பகலில் -25 சதவீதத்தோடும் வந்து மோதும். இருட்டும்வரை காத்திருப்போம் என்ற திட்டம் அதற்குக் கிடையாது.

இதை வைத்து ஆடும் முறை: ஆழமில்லாத நீருக்கு இந்தப் பக்கம் வரிசை கட்டுங்கள். நீரில் நிற்கும் மனிதக் காலாளுக்கு 20 சதவீதம்தான் தற்காப்பு, நம் அடி 80 சதவீதம் விழும். நம் ஆள் கிராமத்திலோ மலையிலோ நின்றால் 60. வரிசையில் இடைவெளி இரண்டு கட்டத்துக்கு மேல் விடாதீர்கள், நடுவே புகுந்து காயம்பட்டவனைத் தேடிப் போகும். தூண்டிலாக ஒரு ஆளை முன்னால் வைப்பதென்றால் முழு எச்பி உள்ளவனை, கிராமத்தில் வையுங்கள். டர்னுக்கு 8 எச்பி அங்கே தேறும்.

பட்டர்வொர்த்_பாலா

நன்றி மதி அண்ணே, அகிலா அக்கா. குன்றுக் கணக்கு இப்பதான் புரியுது. இன்னும் இரண்டு சந்தேகம். போரே வராம பண்ண வழி இருக்கா? முதல் அலையை அடிச்ச பிறகு உடனே திருப்பித் தாக்கலாமா?

பிரிக்பீல்ட்ஸ்_அகிலா

முதல் கேள்விக்கு: சிவ் 6-இல் ஒரு நாட்டைச் சந்தித்த அதே டர்னில் 25 தங்கத்துக்குத் தூதுக்குழு அனுப்புங்கள். தள்ளிப்போட்டால் அவர்கள் முகம் கோணிய பிறகு வாங்க மாட்டார்கள். முகம் சிரிப்புக்கு மாறியதும் நட்பு அறிவிப்புக் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் 30 டர்னுக்கு அவர்கள் உங்கள்மேல் போர் தொடுக்க முடியாது. இரண்டாவது நகரத்தை அவர்கள் எல்லைக்கு ஒட்டி வைக்காதீர்கள், கோபம் அங்கேதான் ஆரம்பிக்கும். பக்கத்து நாடுகளின் படையளவை ஒப்பிட்டுத்தான் அவர்கள் துணிகிறார்கள், அதனால் அந்த 3 ஆர்ச்சர் சண்டைக்குப் போகாமலே வேலை செய்யும்.

பேரம்தான் ஏஐ-யின் பெரிய ஓட்டை. ஒரே ஆடம்பரப் பொருள் உங்களிடம் இரண்டு இருந்தால் இரண்டாவதால் உங்களுக்குப் பயனில்லை, அது இல்லாத ஏஐ நல்ல விலை கொடுக்கும். ஒரே ஆளிடம் விற்காமல் எல்லாரிடமும் விலை கேளுங்கள். டிப்ளமேட்டிக் ஃபேவரையும் (ராஜதந்திரச் செல்வாக்குப் புள்ளிகள்) விற்கலாம். 80 சதவீதம் கூடுதல் தங்கம் வைத்திருப்பவர்கள் அவர்கள்தானே, அது உங்கள் ஆர்ச்சர் செலவுக்கு வரட்டும்.

செந்தூல்_மதி

இரண்டாவதற்கு: உடனே வேண்டாம். போர் தொடங்கி 10 டர்ன் ஆகாமல் சமாதானம் பேச முடியாது. அதுவரை நின்ற இடத்திலேயே அடியுங்கள். 5, 6 யூனிட் இழந்த பிறகு அவர்களே தங்கம் கொடுத்துச் சமாதானம் கேட்பதும் உண்டு.

திருப்பித் தாக்க, கிராஸ்போ (குறுக்குவில் வீரர்) தரும் மெஷினரி என்ற தொழில்நுட்பம் வரும்வரை பொறுங்கள். கிராஸ்போ 40 பலம், அவர்களின் +4 அப்போது உறைக்காது. ஆனால் கிராஸ்போவை வைத்து மதிலை உடைக்கப் பார்க்காதீர்கள். நகரத்துக்கு எதிராக அதன் பலம் 17 குறையும், மதிலில் பாதி அடிதான் இறங்கும். அது வெளியே வரும் படைக்கு. மதிலுக்கு 2 கேட்டபல்ட் அல்லது ட்ரெபுஷெ (கல்லெறி பொறிகள்), நகரத்திலிருந்து இரண்டு கட்டம் தள்ளி. நகர்ந்த டர்னில் அவை பொதுவாகச் சுடாது, அதனால் ஒரு டர்ன் முன்னதாகவே கைகலப்பு யூனிட்டுகளை முன்னால் கொண்டுபோய் நகரத்தின் அடியை அவை வாங்கட்டும். நகரத்தைச் சுற்றியுள்ள எல்லாக் கட்டமும் உங்கள் கட்டுப்பாட்டுக்குள் வந்தால் முற்றுகை, டர்னுக்கு 20 எச்பி தேறுவது நின்றுவிடும். ஒரு கட்டம் திறந்திருந்தாலும் முற்றுகை ஆகாது. கடலோர நகரமென்றால் நீர்க்கட்டமும் கணக்கில் உண்டு, கேலி (galley) எனும் துடுப்புக் கப்பல் ஒன்றையாவது அங்கே நிறுத்துங்கள்.