ஃபிஜி கடலில் பறவை எண்ணிய அனுபவம்

பசிபிக் தீவுப் பக்கம் கடற்பறவை கணக்கெடுப்புக்குப் போனவர்கள் எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் ஃபிஜியில் காவ் தீவுக்குத் தெற்கே போனதைச் சொல்கிறேன்.

காவ் என்றதும் நினைவுக்கு வருவது ஃபிஜி பெட்ரல் (petrel) என்ற கடற்பறவை. 1855-ல் ஒரே ஒரு பறவை கிடைத்தது. அப்புறம் 1984-ல்தான் அதே தீவில் இன்னொன்று கையில் சிக்கியது. கடலில் பறக்கும்போது முதன்முதலாகப் படம் பிடித்தது 2009 மே மாதம். அந்த நாட்டின் 20 டாலர் நோட்டில் இருப்பதும் இந்தப் பறவைதான். இருட்டிய பிறகே கரைக்கு வரும் என்பதால் பகலில் தேட வேண்டிய இடம் கடல்.

மீன் கழிவையும் மீன் எண்ணெயையும் கலந்து, கட்டியாக உறையவைத்து எடுத்துப் போனோம். படகை நிறுத்திக் கட்டியைக் கடலில் விட்டால் மெல்லக் கரையும். எண்ணெய் படர்ந்த இடத்தில் மட்டும் சிற்றலை அடங்கிப் பளபளப்பாகத் தெரியும். பெட்ரல்கள் வாசனை பிடித்து வருபவை. அதனால் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கண் இருக்க வேண்டும். முதலில் வந்தது டஹிட்டி பெட்ரல்: தலையும் மார்பும் கரும்பழுப்பு, வயிறு வெள்ளை, தடித்த கறுப்பு அலகு. பிறகு உடம்பு முழுக்கக் கறுத்த ஒன்று தண்ணீரை ஒட்டியே வந்தது. ஃபிஜி பெட்ரல்தானோ என்று படகில் யாரும் மூச்சு விடவில்லை. திரும்பியபோது இறக்கையின் மேலே வெளிர் பட்டையும் நீண்ட வாலும் தெரிந்தன. புல்வர் பெட்ரல்! ஃபிஜி பெட்ரல் எங்களுக்குக் காட்சி தரவில்லை. ஆனாலும் அந்தச் சில நொடிகளுக்காகவே இன்னொரு முறை போவேன்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று. இப்படித் தீனி போட்டு வரவழைத்த பறவைகளைக் கணக்கெடுப்பு எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. கணக்கெடுப்புக்குப் படகு ஒரே வேகத்தில் ஓட வேண்டும். வெயில் கூசாத பக்கத்தில் 300 மீட்டர் அகலத்துக்குள் வருவதை மட்டும் எண்ணுவோம். படகைத் தொடர்ந்து வரும் பறவைக்கு ஒரே பதிவுதான். ஒன்றுமே தென்படாத நேரத்தையும் கட்டாயம் எழுத வேண்டும்.

———

அருமை அண்ணா. நான் போனது நடுப் பசிபிக்கில் லைன் தீவுகள் பக்கம், பெரிய கப்பலில். கப்பலைக் கண்டு பறவைக்கோலா மீன்கள் எழும்பும். செங்கால் பூபி (booby) என்ற கடற்பறவை ஒன்று முகப்புக்குப் பக்கத்திலேயே பறந்துவந்து அவற்றை அந்தரத்தில் கவ்வியது. கைக்கெட்டும் தூரம், அலகின் நீலம்கூடத் தெரிந்தது.

எங்களைத் திணறடித்தது கருமுதுகு ஆலா (sooty tern) என்ற கடற்பறவைகளின் கூட்டம்தான். கீழே சூரை மீன்கள் விரட்ட, மேலே துள்ளும் குஞ்சு மீன்களை இவை கொத்தும். நீர் ஒட்டாத இறகு இல்லாததால் கடலில் உட்கார்ந்து இளைப்பாறவும் முடியாது, சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்துவைத்து, அதே அளவாகக் கூட்டத்தின் மேல் நகர்த்தி எண்ணினோம். கப்பல் நெருங்குவதற்கு முன்பே எண்ணி முடித்துவிட வேண்டும், கலைந்துவிட்டால் கணக்கு நிற்காது.