வஞ்சிரம் 1.2 கிலோ

குழு: நம்ம குடும்பம் (ராயபுரம், கொருக்குப்பேட்டை)

வியாழன் இரவு

பிரபு: நம் காசிமேட்டு மீன்கடைப் பக்கத்தில் நேற்றுப் போட்ட ரீல்ஸுக்குக் கீழே ஒருத்தர் எழுதியிருக்கிறதைப் பாருங்கள். "1.2 கிலோ வஞ்சிரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு 850 கிராம்தான் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் பதிலே இல்லை. ஜாக்கிரதை மக்களே."

பிரபு: டெலிட் பண்ணிவிட்டு ஆளை பிளாக் பண்ணிவிடட்டுமா?

சித்தப்பா: யாரென்று தெரியும். பெரம்பூர் பார்ட்டி. தலை, வால், குடல் எல்லாம் போனால் எடை குறையாதா? நானே பதில் போடுகிறேன். "மீன் வாங்கத் தெரியாதவர்கள் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகலாம்" என்று டைப் பண்ணி வைத்திருக்கிறேன்.

அத்தை: அடப்பாவி. அதை அனுப்பிடாதேடா.

நான்: சித்தப்பா, பொறுங்கள். பிரபு, நீயும் டெலிட் பண்ணாதே. அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார். அழித்தால் அடுத்த பதிவு "கேள்வி கேட்டால் அழிக்கிறார்கள்" என்று வரும். அதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

பிரபு: அக்கா, கெட்ட வார்த்தையாகத் திட்டினால்கூட அழிக்கக் கூடாதா?

நான்: அது வேறு. ஆபாசம், சாதி, மிரட்டல், வேறு யாருடைய போன் நம்பர் என்றால் உடனே அழி. இவர் கேட்டது எடைக் கணக்கு. அவருக்கு மட்டுமா அந்தச் சந்தேகம்? கீழே இரண்டு பேர் "ஆமாம், எனக்கும்" என்று போட்டிருக்கிறார்களே, பார்த்தாயா?

பிரபு: பார்க்கவில்லை.

சித்தி: முழு மீனை எடை போட்டுக் காட்டிவிட்டுத்தான் வெட்டுகிறோம். காசிமேட்டில் எல்லாக் கடையிலும் அதுதானே வழக்கம்?

நான்: நேரில் வருகிறவர்கள் தராசைப் பார்க்கிறார்கள் சித்தி. வெட்டுகிற அக்காவிடம் "தலையையும் போடுங்க" என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். போனில் ஆர்டர் கொடுக்கிறவர் வீட்டுத் தராசில் பாக்கெட்டைத்தான் வைத்துப் பார்ப்பார். அவருக்கு 850 என்றுதான் காட்டும். நம் பக்கத்தில் எங்கேயாவது இது முழு எடை விலை என்று எழுதியிருக்கிறதா?

பிரபு: இல்லை. பயோவில் "கடலிலிருந்து உங்கள் கடாய்க்கு" என்று இருக்கிறது.

அத்தை: கடாய்க்கு எத்தனை கிராம் போகும் என்று அதிலேயே எழுது.

சித்தப்பா: எல்லாரும் என் மேலேயே பாயுங்கள்.

நான்: யாரும் பாயவில்லை சித்தப்பா. இப்படிப் போடலாமா, படித்துப் பாருங்கள்:

"வணக்கம் சார். நான் கடையிலிருந்து பிரபு. நாங்கள் விலை போடுவது முழு மீன் எடைக்கு. உங்கள் மீன் முழுசாக 1.2 கிலோ இருந்தது, சுத்தம் செய்த பிறகு 850 கிராம். இதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் பதில் வராததற்கும் மன்னிக்கவும். இன்று இரவு உங்களை அழைக்கிறேன்."

சித்தப்பா: மன்னிப்பு எதற்கு? திருடினோமா?

சித்தி: பதில் போடாததற்குத்தானே கேட்கிறாள்? அது நம் தவறுதான். அந்த வரி இருக்கட்டும்.

பெரியப்பா: "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, தங்கள் திருப்தியே எங்கள் லட்சியம்" என்று மரியாதையாகப் போடலாமே?

நான்: பெரியப்பா, அதை எல்லாக் கம்பெனியும் போடுகிறது. படிக்கிறவருக்கு மிஷின் பேசுகிற மாதிரி இருக்கும். நான் வேலை பார்க்கும் எம்.சி. ரோடு துணிக்கடையில் முன்பு அப்படித்தான் ஒரே வரியை எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சேலை கிழிந்து வந்தது என்று எழுதியவருக்கும் "உங்கள் அன்புக்கு நன்றி" என்று போய், அதற்கு வந்த சிரிப்பு எமோஜிகளைப் பார்க்க வேண்டுமே!

அத்தை: அப்புறம் அவரை இன்பாக்ஸுக்குக் கூப்பிட வேண்டாமா? எல்லாரும் "டிஎம் பண்ணுங்க" என்றுதானே போடுகிறார்கள்?

நான்: முதல் பதில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்க வேண்டும் அத்தை. அவருடைய நம்பர், விலாசம், பணம் திருப்பித் தருவது, இதெல்லாம் தனியாகப் பேசலாம். விலையை மறைத்து வைத்துக்கொண்டு "இன்பாக்ஸ் வாங்க" என்பது எனக்கு ஆகவே ஆகாது. துணிக்கடையில் கமெண்ட்டில் பாதி "பிரைஸ்?" என்றே இருக்கும். விலையைப் படத்திலேயே போடச் சொல்லி முதலாளியிடம் சண்டை போட்டேன். போட்ட பிறகு அந்தக் கேள்வி நின்றது. "பச்சையில் இருக்கா, பிளவுஸ் சேர்த்தா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள்தான் வாங்குகிறவர்கள்.

சித்தி: மீன் விலை காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. எப்படிப் போடுவது?

நான்: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள் சித்தி. 24 மணி நேரத்தில் அதுவே போய்விடும். ஏலம் முடிந்து கடைக்கு வந்ததும் விலைப் பலகையை ஒரு போட்டோ. "இன்றைய விலை, முழு மீன் எடைக்கு" என்று மேலே எழுதுங்கள். அது போதும்.

பிரபு: பதில் போட்டாச்சு. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். முறைக்கிறார்.

பிரபு: அக்கா, ஆளைக் கூப்பிட்டேன். முதலில் சூடாகத்தான் பேசினார். அப்புறம் தணிந்துவிட்டார். தலை எங்கே என்று கேட்டார். அதுதான் விஷயமே. அவர் வீட்டில் தலைக் குழம்புதான் வைப்பார்களாம். நாம் கேட்காமலே தூக்கிப் போட்டிருக்கிறோம்.

அத்தை: வஞ்சிரத் தலையைத் தூக்கிப் போட்டீர்களா? பாவம்டா.

சித்தி: இனிமேல் ஆர்டர் எடுக்கும்போது மூன்று கேள்வி. தலை வேண்டுமா, துண்டு வறுவலுக்கா குழம்புக்கா, தோல் எடுக்க வேண்டுமா. கடையில் வாயால் கேட்பதைத்தான் போனில் விட்டுவிட்டோம்.

நான்: அதை வாட்ஸ்அப் பிசினஸில் குவிக் ரிப்ளையாக வைத்துவிடு பிரபு. ஒரு தடவை டைப் பண்ணி வைத்தால் போதும். அவருடைய மெசேஜுக்கு ஏன் பதில் போகவில்லை?

பிரபு: மத்தியானம் இரண்டு மணிக்கு அனுப்பியிருக்கிறார். அப்போது எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தோம். எழுந்து பார்த்தபோது அது கீழே போய்விட்டது.

நான்: தூங்குவது தப்பில்லை. நடுராத்திரியில் எழுந்து ஏலத்துக்குப் போகிறவர்கள் எப்போதுதான் தூங்குவது? ஆனால் அது அவருக்குத் தெரியாதே. நாம் இல்லாதபோது தானாகப் போகிற அவே மெசேஜ் வை: "அதிகாலை ஏலத்துக்குப் போவதால் மதியம் 1 முதல் 5 வரை ஓய்வில் இருப்போம். 5 மணிக்கு மேல் கட்டாயம் பதில் வரும்." பதில் போடாத சாட்டுக்கு லேபிள் ஒட்டி வை. சாயங்காலம் அந்த லேபிளைத் திறந்தால் எதுவும் விடுபடாது.

சித்தப்பா: ஓய்வில் என்று போட்டால் சோம்பேறி என்று நினைக்க மாட்டார்களா?

அத்தை: கடலோடு பிழைக்கிறவனைச் சோம்பேறி என்று சொல்கிறவன் நம் மீனைச் சாப்பிட வேண்டாம்.

பெரியப்பா: நானும் என்னால் ஆனதைச் செய்திருக்கிறேன். கூகுள் மேப்பில் ஐந்து நட்சத்திரம் போட்டு, "மிக அருமையான கடை, உரிமையாளர் தங்கமானவர்" என்று எழுதிவிட்டேன். எல்லாரும் ஆளுக்கொன்று போடுங்கள். இருபது பேர் இருக்கிறோம்.

நான்: ஐயோ பெரியப்பா. எடுத்துவிடுங்கள். வாங்கிய அனுபவம் இல்லாமல் போடக் கூடாது என்று கூகுளே விதி வைத்திருக்கிறது. ஒரே குடும்பத்திலிருந்து ஒரே நாளில் இருபது வந்தால் படிக்கிறவருக்கும் தெரிந்துவிடும். நிஜமாக வாங்கியவர்கள் போட்ட நான்கு நட்சத்திரம்கூட இதைவிட மேல்.

பெரியப்பா: நல்லதுக்குக் காலம் இல்லை.

சித்தப்பா: சரி, அந்த யூடியூப் பையன் விஷயம் என்ன ஆச்சு? கடைக்கு வந்து வீடியோ எடுக்க 15,000 கேட்கிறான். விளம்பரம் என்று போடாமல், தானாக வந்து சாப்பிட்ட மாதிரி போடுவானாம்.

நான்: வேண்டாம். காசு வாங்கினால் விளம்பரம் என்று சொல்லியே ஆக வேண்டும். விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே வழிமுறை கொடுத்துவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு முதல் தடவையே 10 லட்சம் வரை அபராதம் உண்டு. அவன் வீடியோவைப் பார்த்து ஆவடியிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் ஆர்டர் வரும். அவ்வளவு தூரம் நம்மால் ஐஸ் போட்டு அனுப்ப முடியுமா?

சித்தி: முடியாது. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, பெரம்பூருக்கே இரண்டு வண்டி பத்தவில்லை.

அத்தை: ஏ பிரபு, அந்தப் பெண் கோபித்துக்கொண்ட கதையைச் சொன்னாயா?

பிரபு: அது வேறு பிரச்சினை. வாங்குகிறவர்கள் எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தேன். அதில் நம்பரைப் பார்த்து யாரோ ஒருவன் அந்த அக்காவுக்குத் தனியாக "ஹாய்" அனுப்ப ஆரம்பித்துவிட்டான். அவர் என்னைத் திட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

நான்: திட்டியது சரிதான். கேட்காமல் ஒருத்தருடைய நம்பரை அத்தனை பேருக்கும் காட்டியிருக்கிறோம். அந்தக் குழுவை இன்றைக்கே கலைத்துவிடு. பிராட்காஸ்ட் லிஸ்ட் போடு. அதில் ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது, பதிலும் உனக்கு மட்டும்தான் வரும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர். நம் நம்பரைத் தங்கள் போனில் சேவ் பண்ணியவர்களுக்குத்தான் போய்ச் சேரும்.

பிரபு: அப்போது நிறைய பேருக்குப் போகாதே?

நான்: சேவ் பண்ணாதவர் வாங்கப் போகிறதும் இல்லை. பாக்கெட்டில் ஒரு சீட்டு வை, "விலை தினமும் வேண்டுமானால் இந்த நம்பரைச் சேமித்து, மீன் என்று அனுப்புங்கள்" என்று. கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்பு. சித்தி, நீங்கள் அதில் ரோஜாப்பூ குட் மார்னிங் அனுப்புவதையும் நிறுத்த வேண்டும்.

சித்தி: அது சாமி படம்.

நான்: வெள்ளிக்கிழமை காலையில் மீன் நம்பரிலிருந்து சாமி படம் வந்தால் என்ன நினைப்பார்கள்? நாலு பேர் பிளாக் பண்ணி ரிப்போர்ட் அடித்தால் நம் நம்பரையே வாட்ஸ்அப் முடக்கிவிடலாம். வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி முழுக்க, அசைவம் சாப்பிடாதவர்களுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். லேபிள் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். ஆடியில் கூழ் ஊற்றுகிற வாரம் கருவாடு கேட்பார்கள், அதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

அத்தை: ஆமாம், போன ஆடிக்கு நான் மாந்தல் கருவாட்டுக்கு அலைந்தேன்.

பிரபு: அக்கா, உண்மையைச் சொல்லு. எந்தப் பதிவுக்கு அதிக ஆர்டர் வந்தது தெரியுமா? பாட்டுப் போட்ட ரீல்ஸ் எதற்கும் இல்லை. அம்மா அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜுக்கு.

பிரபு: "இன்னைக்கு வஞ்சிரம் வேணாம்மா, ஐஸ்ல இருந்த மீன். விலையும் கூட. சங்கரா நல்லா செவப்பா வந்திருக்கு, அத வாங்கிக்கோ. கொழம்புக்கு ரெண்டு மாங்கா போடு." இவ்வளவுதான். சங்கரா ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிட்டது.

சித்தப்பா: வஞ்சிரம் என் தலையில் கட்டப்பட்டது. அதையும் சொல்.

நான்: அந்த வஞ்சிரத்தை விற்றிருந்தால் இன்னும் நான்கு கமெண்ட் வந்திருக்கும் சித்தப்பா. வேண்டாம் என்று சொன்ன வாய் வாங்கு என்றால் நம்புவார்கள். 2023 டிசம்பரில் என்ன செய்தோம், நினைவிருக்கிறதா? மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரமே கறுத்துப் போனபோது?

சித்தி: மறக்க முடியுமா? ஒரு ஆள் வாங்கவில்லை. "உங்கள் மீனிலும் எண்ணெய் இருக்குமா" என்று கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோனோம்.

பிரபு: அப்போது பக்கத்தை மூடி வைத்துவிட்டோம். எதுவும் போடவில்லை.

நான்: அந்த நேரத்தில்தான் பேசியிருக்க வேண்டும். எந்தப் படகு, எத்தனை நாள் ஆழ்கடலில் இருந்தது, எந்த ஊர்ப் பக்கம் வலை போட்டார்கள், இதைப் படகில் போன ஆளே ஒரு நிமிஷம் பேசியிருந்தால் போதும். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லலாம். பேசாமல் இருந்தால் மற்றவர்கள் சொல்வதுதான் செய்தியாகிறது.

சித்தி: ஒன்று சொல்கிறேன். "எங்கள் மீன் எண்ணூர் மீன் இல்லை" என்று மட்டும் போடக் கூடாது. அவர்கள் வலையும் போய், பிழைப்பும் போய் நின்றவர்கள். அவர்களைக் கைகாட்டி நாம் விற்க வேண்டாம்.

நான்: சரியான பேச்சு சித்தி. இதை எந்த மார்க்கெட்டிங் கிளாஸிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

சித்தப்பா: ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடை வந்துவிடும். ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. அந்த 61 நாளும் என்ன போடுவது?

பிரபு: பைபர் படகில் வருவதைப் போடலாம் அப்பா. நெத்திலி, கவளை, நண்டு கொஞ்சம் வரும்.

நான்: மேற்குக் கரையிலிருந்து லாரியில் வரும் மீனை விற்றால் லாரி மீன் என்றே போடுங்கள். விலை ஏன் ஏறுகிறது, மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று ஏன் தடை போடுகிறார்கள், வலை பின்னுகிறது, படகுக்குப் பெயின்ட் அடிக்கிறது, இதெல்லாம் காட்டலாம். காசிமேட்டுக்கு வராதவர்களுக்கு அது புதிதாக இருக்கும். கேள்வி கேட்பார்கள். கேட்டால் பதில் போட ஆள் வேண்டும், அதுதான் முக்கியம். பதில் போட முடியாத நாளில் பதிவும் போடாதே.

வெள்ளி காலை

பிரபு: பெரம்பூர் சார் நம் பதிலுக்குக் கீழே எழுதியிருக்கிறார். "போனில் பேசினார்கள். கணக்கு புரிந்தது. ஆனால் முதலிலேயே சொல்லியிருக்கலாம்." கமெண்ட்டை அழிக்கவில்லை.

சித்தப்பா: பாராட்டவும் இல்லை.

நான்: பாராட்டு வேண்டாம் சித்தப்பா. அந்த "எனக்கும்" என்று எழுதிய இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டாயா பிரபு?

பிரபு: ஒருத்தருக்குப் போட்டேன். இன்னொருத்தர் பெயரைப் பார்த்தால் ஆர்டர் லிஸ்ட்டில் இல்லை. கேட்டிருக்கிறேன், எந்தத் தேதி என்று.

அத்தை: ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்குக் கடம்பா (கணவாய்) ஒரு கிலோ. முழு எடையா, சுத்தம் பண்ணின எடையா?

சித்தி: முழு எடை அண்ணி. தலை வேண்டுமா?

அத்தை: கடம்பாவுக்கு எங்கேடி தலை? காலைப் போட்டு அனுப்பு.

பெரியப்பா: அந்த ஐந்து நட்சத்திரத்தை எப்படி எடுப்பது? தொட்டால் மறுபடியும் ஐந்துதான் வருகிறது.

பிரபு: சாயங்காலம் வருகிறேன் பெரியப்பா, ஐந்து மணிக்கு மேல்.