புதுப்பிப்பு: உபுண்டு நிறுவும்போது எஸ்எஸ்டி தெரியாத பிரச்சினை தீர்ந்தது

உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) நிறுவும்போது வட்டுகளின் பட்டியலில் பென்டிரைவ் மட்டுமே வருகிறது, மடிக்கணினியின் 512 ஜிபி எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு) தெரியவே இல்லை, ஆனால் விண்டோஸ் அதிலிருந்துதான் ஓடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பென்டிரைவை மறுபடி தயார் செய்ததும், செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை அணைத்ததும் உதவவில்லை. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) சேமிப்பகம் ரெய்டு முறையில் (பல வட்டுகளைச் சேர்த்து நிர்வகிக்கும் முறை) இருக்கும், ஏஎச்சிஐக்கு (வட்டை நேரடியாக அணுகும் வழக்கமான முறை) மாற்றுங்கள் என்று ஒரு நண்பர் சொன்னதுதான் வேலை செய்தது. ரெய்டு முறையில் எஸ்எஸ்டி, வட்டுகளைக் கட்டுப்படுத்தும் ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. நிறுவியின் கண்ணில் படுவதில்லை.

ஆனால் எடுத்த எடுப்பில் மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டை (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் தொடங்குவது) டிக் செய்தேன். மறுதொடக்கத்தில் நேராக பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ. சேஃப் மோடில் விண்டோஸ் ஒருமுறை வந்ததும் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அப்புறம் நிறுவியில் எஸ்எஸ்டி வந்துவிட்டது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று: பயாஸை மாற்றியதும் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. அது இயங்கிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி பதிவாகியிருந்ததால் கோப்புகள் தப்பின. தயவுசெய்து சாவியை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு பயாஸைத் தொடுங்கள்.

இப்போது விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. உபுண்டு வன்பொருள் கடிகாரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) வைப்பதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்வதும்தான் காரணம். உபுண்டுவில் அந்தக் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் போதும்.